பச்சைத் தட்டில் ஒன்பது நாள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ சொன்ன கதைக்கு உன் அப்பா சிரித்தார், நீயும் சிரித்தாய். நான் மட்டும் ரசம் எடுத்துவருகிறேன் என்று எழுந்து குசினிக்குப் போனேன். ரசம் மேசையில்தான் இருந்தது. நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். குசினி யன்னலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்து உனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். பின்னேரம் நீ உன் குளத்துக்குத் திரும்பிப் போய்விட்டாய். அன்று நான் வாய் திறந்திருந்தால் அது கண்டிக்கிற பேச்சாகத்தான் வந்திருக்கும். என் வாய்க்கு அதுதான் பழக்கம். எழுதினால் வேறு மாதிரி வருமோ என்று பார்க்கிறேன். இன்றைக்கு மேற்கே முகில் கட்டியிருக்கிறது. வெளிச்சம் வருவதும் போவதுமாக இருக்கிறது. இப்படிப்பட்ட வெளிச்சத்தில் எனக்கு எப்போதும் ஒரே ஒரு அறைதான் ஞாபகம் வரும்.

முதலில் உன் கதையை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். நீ இருபத்தாறு வயதில் ஒரு குளத்துக்குப் பொறுப்பாகப் போயிருக்கிறாய். அங்கே சின்னத்தம்பியர் என்று ஒருவர், என்னைவிடப் பத்து வயது கூடியவர், தினமும் விடிய தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் நிற்கும் நீர்மட்டப் பலகையைப் பார்த்து, அடியும் அங்குலமும் எழுதி அனுப்புகிறவர். இந்த மனுசன் உண்மையிலேயே பலகையைப் பார்க்கிறாரா, அல்லது வீட்டில் இருந்துகொண்டே நேற்றைய கணக்கை எழுதுகிறாரா என்று உனக்குச் சந்தேகம். ஒருநாள் மாலை பொழுதுபட, நீயே போய்ப் பலகையைக் கழற்றி அரை அடி உயர்த்தி அடித்துவிட்டாய். விடிய அவர் பார்த்தபோது குளத்தில் ஒரே இரவில் அரை அடித் தண்ணீர் குறைந்திருந்தது. குளக்கட்டு எங்கேயோ பிளந்துவிட்டது என்று நினைத்து, ஆறு கட்டை தூரம் சைக்கிள் மிதித்து, சேட்டு நனைய உன் கந்தோர் வாசலில் வந்து விழுந்தார். நீ சிரித்தாய். "அது நான்தான் அண்ணை, சும்மா ஒரு சோதினை" என்றாய். கந்தோரில் வேலைசெய்கிற எல்லோரும் சிரித்தார்கள். அவர், "ஓம் ஐயா, நல்லது" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

"இனிப் பாருங்கோ அம்மா, ஆள் ஒழுங்கா வேலை செய்யும்" என்றாய் நீ. அந்த இடத்தில்தான் நான் எழுந்தேன்.

நீ பள்ளி விடுமுறைக்கு மாங்குளம் வந்த நாட்களில் நான் வேலைசெய்த ஆய்வுகூடத்தை வெளியில் நின்றுதான் பார்த்திருக்கிறாய். உன்னை நான் ஒருநாளும் உள்ளே விட்டதில்லை. முல்லைத்தீவு றோட்டு பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஓடு போட்ட ஒற்றை அறை. வடக்குப் பார்த்த மூன்று யன்னல்கள். ஒவ்வொரு யன்னலடியிலும் ஒரு மேசை, மேசையில் ஒரு நுணுக்குக்காட்டி. மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டிக்குக் கீழே இருக்கும் சின்னக் கண்ணாடியைத் திருப்பி, வானத்து வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்பவேண்டும். காய்ச்சல் என்று வருகிற ஒவ்வொருவரின் விரலிலும் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் பூசி, வன்னி முழுவதிலுமிருந்து பஸ்ஸிலும் ரெயிலிலும் எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதற்குச் சாயமிட்டு, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்போம். அந்த வேலையை நான் உனக்கு எப்படிச் சொல்வது? ஒரு கண்ணை வைத்தால் அறை மறைந்துவிடும். ஊதா நிறத்தில், கரையில்லாத ஒரு நீரில், வட்டம் வட்டமாக ஏதேதோ மிதக்கும். அரை மணி நேரத்தில் உனக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. எங்கோ மயில் கத்துவது கேட்கும், ஸ்டேசன் மணி கேட்கும், அவை எல்லாம் அந்த ஊதாவுக்கு உள்ளேயிருந்து வருவதுபோல இருக்கும். திடீரென்று முகில் ஒன்று சூரியனை மறைக்கும். மூன்று நுணுக்குக்காட்டியும் ஒன்றாக இருண்டுபோகும். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்வோம், நீருக்குள்ளிருந்து வெளியே வந்தவர்கள்போல.

மற்ற இருவரும் யோகமும் சலீமும். யோகத்துக்கு அப்போது இருபத்தொரு வயது. கிளிநொச்சிக் குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்த குடும்பத்துப் பிள்ளை. சலீம் அவளைவிட இரண்டு வயது மூப்பு. முல்லைத்தீவில் தகப்பன் கடை வைத்திருந்தார். முன்பு சில வருடம் நான் விலங்கியல் படிப்பித்ததால் ஊருக்கே நான் ரீச்சர். இவர்களுக்கும் ரீச்சர்தான்.

நான் சிறுமியாக இருந்தபோது வவுனியாவில் எங்கள் வீட்டில் ஏழு பேர். குலைப்பன் காய்ச்சல் என்று அப்போது சொன்ன மலேரியா வந்தால் ஏழு பேரும் ஒன்றாகப் படுப்போம். நடுக்கத்தில் கட்டில் கால்கள் நிலத்தில் தடதடவென்று அடிக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் தங்கச்சி அப்படி ஒரு வருடக் காய்ச்சலோடு போய்விட்டாள். அதனால்தான் நான் விலங்கியல் படித்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். அது முழு உண்மையல்ல. ஆனால் அந்த மேசையில் நான் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். யோகமும் சலீமும் வேலைக்கு வந்தபோது காய்ச்சல் கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. மாதக்கணக்காக, கண்ணாடித் துண்டுக்குப் பின் கண்ணாடித் துண்டாக, ஒன்றுமில்லை. பதிவுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக "ஒன்றுமில்லை" என்றுதான் எழுதியிருக்கும். அவர்கள் கொட்டாவி விட்டார்கள். சலீம் வாய்க்குள் சினிமாப் பாட்டு முணுமுணுத்தான். முகில் வந்து தலை நிமிரும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் இருவரும் கதைக்கத் தொடங்குவார்கள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டுக் கட்டில்கள் நடுங்கியது இவர்களுக்குத் தெரியாது என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் இருப்பதுதானே எங்கள் வெற்றி என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் பாடுபட்டது அவர்கள் கொட்டாவி விடுவதற்காகத்தான்.

ஒருநாள் முகில் நேரத்தில் யோகம் ஒரு கண்ணாடித் துண்டை விரலில் பிடித்து என்னிடம் கேட்டாள்: "ரீச்சர், இது ஆரின்ரை இரத்தம்?"

"இலக்கம் போட்டிருக்குத்தானே பிள்ளை. ஆளைத் தெரிஞ்சு என்ன செய்யப்போறாய்?"

"சும்மா. ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டாவது தெரிஞ்சால், பாக்கேக்கை நித்திரை வராது."

சலீம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பேர், ஊர் இருந்த பட்டியலை அன்றிலிருந்து என் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். ஆளைத் தெரியாமல் பார்ப்பதுதான் விஞ்ஞானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் உன் பலகை. பழைய நாட்களில் கிருமி கண்ட கண்ணாடித் துண்டுகளை ஒரு மரப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றை எடுத்து, புது இலக்கம் ஒட்டி, அன்றைக்கு வந்த துண்டுக் கட்டுக்குள் இரகசியமாகச் செருகிவிடுவேன். கண்டுபிடித்தால் அதைப் புத்தகத்தில் பதியக்கூடாது, பொய்க் கணக்கு ஆகிவிடும். என் மேசையில் இருக்கும் பச்சைத் தட்டில் கொண்டுவந்து வைக்கவேண்டும். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். தவறவிட்டால் மட்டும் கூப்பிட்டு விசாரிப்பேன். பல்கலைக்கழகத்தில் எதையும் சோதிக்காமல் ஏற்கக்கூடாது என்று படித்தேன். அது பொருட்களுக்குச் சொன்ன புத்தி. நான் அதை ஆட்களுக்கும் வைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். சீக்கிரமே பழகிவிட்டார்கள். அந்தக் கிருமி முதற் பருவத்தில் கல் வைத்த சிறு மோதிரம்போல இருக்கும். அதனால் நான் செருகுகிற துண்டுக்குச் சலீம் ஒரு பேர் வைத்திருந்தான். "மாப்பிள்ளை வந்திட்டார், மோதிரத்தோட" என்று யோகத்தின் பக்கம் சாய்ந்து சொல்வான். "நல்ல இடமோ?" என்பாள் அவள். "ரீச்சர் பாத்த இடம், பிழையாகுமோ?" இதெல்லாம் என் காதில் விழும். விழாததுபோல இருப்பேன். உண்மையில் எனக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. பொறி வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்தபோது நெருப்புக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய், ஞாபகம் இருக்கிறதா? தந்தி வந்த அன்றே நான் ரெயில் ஏறினேன். ஒன்பது நாள் உன் கட்டிலடியில் இருந்தேன். நீ பிதற்றினாய். ஒருநாள் என்னை யாரோ தாதி என்று நினைத்து, "என்ரை அம்மா வருவா, அவாவுக்குக் கதிரை போடுங்கோ" என்றாய். நான் அந்தக் கதிரையில்தான் இருந்தேன். உன் நெற்றி ஆறிய பிறகுதான் திரும்பினேன். மாங்குளத்தில் காலையில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், பையோடு நேரே ஆய்வுகூடத்துக்குப் போனேன். என் மேசையில் பச்சைத் தட்டு. தட்டில் ஒரு கண்ணாடித் துண்டு.

"இது ஆர் வைச்சது?"

"நான்தான் ரீச்சர்" என்றாள் யோகம். குரலில் சின்னப் பெருமை. "நீங்கள் போன அடுத்தநாள். வந்த கையோட பிடிச்சிட்டன்."

"மாப்பிள்ளைக்குத் தப்ப வழியில்லை" என்றான் சலீம், அன்றைக்குத் துணிந்து, என் முன்னாலேயே.

நான் அந்தத் துண்டை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். பழைய துண்டுகளில் சாயம் மங்கியிருக்கும். இதில் நிறம் புதிதாக இருந்தது. "நான் ஒண்டும் வைக்கேல்லைப் பிள்ளை" என்றேன். "தந்தி வந்த அவதியிலை நான் ஒண்டுமே வைக்கேல்லை."

அந்த நேரத்தில் முகில் வந்ததா அல்லது என் கண்தான் இருண்டதா என்று இப்போது சொல்லமுடியவில்லை. அறை மங்கியது மட்டும் ஞாபகம். யோகம் மெல்லச் சொன்னாள்: "நிறம் புதுசா இருக்கெண்டு எனக்கும் பட்டது ரீச்சர். போகமுன் வைச்சிட்டுப் போனியளாக்கும் எண்டு நினைச்சன்."

லாச்சியைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு சிற்றூர். பெண் பிள்ளை. நான்கு வயது. ஜீப்பைக் கூப்பிட்டேன். "நீங்கள் வேலையைப் பாருங்கோ" என்று இருவருக்கும் சொன்னேன். யோகம் நான் சொன்னதைக் கேட்காமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். சலீம் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் தொங்கினான்.

அந்தப் பிள்ளை சாக்குக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டில் இல்லை, அதனால் சத்தமும் இல்லை. இரத்தம் எடுக்கும்போது கொடுத்த குளிசை காய்ச்சலைக் கொஞ்சம் அடக்கியதாம், பிறகு அது திரும்பிவிட்டது. தாய் எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது இதைத்தான்: "இரத்தம் எடுத்தாப் பிறகு ஒருத்தரும் வரேல்லை. வராதபடியால் ஒண்டுமில்லை எண்டு நினைச்சம். அப்பிடித்தானே அம்மா?" யோகம் பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மருந்தைக் கரைத்துக் கரண்டியால் ஊட்டினாள். நான் உன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒன்பது நாளும், இன்னொருத்தியின் பிள்ளை என் மேசையில் ஒரு பச்சைத் தட்டில் கிடந்திருக்கிறாள். இதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. உன் காய்ச்சலோடு இதைச் சேர்த்துவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவை சேர்ந்துதான் இருக்கின்றன.

பிள்ளை பிழைத்தாள். பக்கத்து வீடுகளில் இன்னும் இருவருக்குத் தொற்றியது, அவர்களும் பிழைத்தார்கள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் செய்ததைக் கேள். யோகத்தைக் கூப்பிட்டு, நடந்ததை எழுதித் தரும்படி சொன்னேன். கண்டதைப் பதியாமல் விட்டது அவள்தானே என்று எனக்குள் ஒரு குரல் நியாயம் பேசிக்கொண்டிருந்தது. என்னுடைய கடிதத்தில் "ஊழியரின் கவனக்குறைவு" என்ற சொற்களை ஏற்கெனவே எழுதியும் விட்டேன். அவள் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதில் ஒரே ஒரு வரி: "அது உங்களுடையது என்று நினைத்தேன்."

அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. அவள் கண் தவறவில்லை. வேலையும் தவறவில்லை. கிருமியை அவள் கண்டாள், முதல் நாளே கண்டாள். உண்மையை என் பொய்யிலிருந்து பிரிக்க மட்டும் அவளால் முடியவில்லை. இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பியவள் நான். என் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். எனக்குக் கண்டனம் வந்தது, வரவேண்டியதுதான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. சலீம் பாட்டை நிறுத்தினான். மாப்பிள்ளைக் கதையும் நின்றது. முகில் வந்தால் தலை நிமிர்வார்கள், யன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள், முகில் போனதும் குனிவார்கள். இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அமைதி வந்தது. அந்த அமைதியில் இருக்க என்னால் முடியவில்லை. எதைக் கண்டாலும் என்னிடம் கொண்டுவந்து, "இது உண்மையோ ரீச்சர்?" என்று கேட்டார்கள். தூசியைக்கூடக் கொண்டுவந்தார்கள். அந்தக் கேள்வியில் நக்கல் இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, பரவாயில்லை ரீச்சர்" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில். அந்தப் "பரவாயில்லை"யில் ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மரப்பெட்டியைத் தூக்கி அறை நடுவில் இருந்த ஸ்டூலில் வைத்தேன். பெயர்ப் பட்டியலையும் லாச்சியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். "இனி இது இஞ்சைதான் இருக்கும்" என்றேன். "கட்டுக்குள்ளை நான் ஒண்டும் செருகமாட்டன். வெள்ளிக்கிழமையிலை மட்டும், எல்லாருக்கும் தெரியச் சோதினை. நீங்கள் எனக்கு வையுங்கோ."

"உங்களுக்கோ?" என்றான் சலீம்.

"எனக்குத்தான்."

அவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு பெட்டியில் தேடினார்கள். பத்துத் துண்டு வைத்தார்கள். நான் என் யன்னலடியில் இருந்து, கண்ணாடியைத் திருப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். யோகம் தாளை வாங்கிப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். அந்தத் தாளைச் சலீம் எட்டிப் பார்த்து, நெடுநேரம் சிரிப்பை அடக்கி, கடைசியில் சொன்னான்:

"ரீச்சர், வாசலுக்கு வந்த மாப்பிள்ளை ஒராளைத் திருப்பி அனுப்பிப்போட்டியள்."

ஆறாவது துண்டு. மூலையில் மங்கலாக ஒரே ஒரு மோதிரம். இருபது வருடம் பார்த்த கண், நாற்பத்தைந்து வயதில் தவறவிட்டுவிட்டது. யோகம் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரித்தது நான்தான், அதை நீ நம்பமாட்டாய். அந்தக் கிழமையே கண்ணாடி மாற்றினேன். மூக்கில் இருக்கும் இந்தத் தடித்த கண்ணாடி சலீம் சொல்லி வாங்கியது.

பிறகு யோகம் மாதத்தில் ஒருநாள் இரத்தம் எடுப்பவர்களோடு ஊர்களுக்குப் போகக் கேட்டாள். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை, வேலை கெடும் என்றேன். அனுப்பியும் பார்த்தேன். ஒருமுறை திரும்பி வந்தவள், ஆறு வயதாகிவிட்ட அந்தப் பிள்ளைக்கு முன்பல் விழுந்த கதையைச் சொன்னாள். அது முகில் நேரம். நாங்கள் மூவரும் கதைத்துக்கொண்டிருந்தோம், முகில் போய் வெளிச்சம் வந்ததும் யாரும் சொல்லாமலே குனிந்தோம். அந்த நாட்களை இப்போது நினைத்தால் மாதங்களும் வருடங்களும் ஞாபகமில்லை. ஊதா நிறமும், நடுவில் இருளும், இருளில் இரண்டு இளம் குரல்களும்தான். வேலை கெட்டதா என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை இல்லை. இதைவிட உறுதியாகச் சொல்ல எனக்கு வராது.

உன்னுடைய கதை மறுபக்கம். நீ இளையவன், அவர் மூத்தவர். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. எங்கள் காலத்துப் பயம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்று நான் கோபித்தேன், உன் காலத்து ஒழுங்கு அவருக்குத் தெரியாது என்று நீ சந்தேகிக்கிறாய். ஆனால் ஆறு கட்டை சைக்கிள் மிதித்து வந்த மனுசனைப் பார்த்து நீ தெரிந்துகொண்டிருக்க வேண்டியது என்ன? அவர் பலகையைப் பார்க்கிறார். பார்ப்பது மட்டுமல்ல, குளத்துக்காகப் பயப்படுகிறார். உன் சோதனையில் அவர் தேறிவிட்டார். அதற்கு அவருக்குக் கிடைத்தது சிரிப்பு. மாரி தொடங்க இன்னும் இரண்டு மூன்று கிழமைதான். குளம் நிரம்பி நிற்கும் ஒரு விடியலில் தண்ணீர் உண்மையாகவே அரை அடி இறங்கினால், அவர் அதைப் பார்ப்பார், ஒழுங்காக எழுதுவார். எழுதிவிட்டு, "ஐயா விளையாடுகிறார்" என்று வீட்டுக்குப் போவார். கட்டுக்குக் கீழே எத்தனை குடும்பம் இருக்கிறது என்பது என்னைவிட உனக்குத் தெரியும்.

அதனால் மழைக்கு முன் போ. அவரைக் கந்தோருக்குக் கூப்பிடாதே, சிரித்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். விடிய அவர் துருசடிக்கு வரும் நேரம் பார்த்து நீ அங்கே நில். பலகையில் நீ இனிக் கை வைக்கமாட்டாய் என்று சொல். அவர், "பரவாயில்லை ஐயா" என்பார். அந்தச் சொல்லை நம்பி ஜீப்பில் ஏறிவிடாதே. உனக்கு விளங்காத எதையாவது அவரிடம் கேள். தண்ணீரைப் பலகை இல்லாமல் அவர் எப்படி அளக்கிறார் என்று கேட்கலாம், அவருக்கு ஒரு கல்லோ ஒரு மரவேரோ கட்டாயம் இருக்கும். அடுத்த நாளும் போ.

உன் அப்பா இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, "பெடியன் நல்லவன்தானே, இவ்வளவு எழுதவேணுமோ?" என்றார். நீ நல்லவன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் நல்லவளாகத்தான் அந்தத் துண்டுகளைச் செருகினேன்.

நீ துருசடிக்குப் போனாய், கதைத்தாய் என்று எனக்கு எழுதவேண்டாம். அதை வைத்து நான் ஒன்றையும் நம்பமாட்டேன், என் குணம் உனக்குத் தெரியும். மாரி நடுவில் ஒருநாள், சின்னத்தம்பியர் நனைந்துகொண்டு உன் வாசலுக்கு ஓடிவருவார். குளக்கட்டில் ஏதோ கசிகிறது என்பார். நீ அவரோடு போய்ப் பார்ப்பாய். அங்கே ஒன்றும் இருக்காது. நண்டு தோண்டிய பொந்தாகவோ, மழைத் தண்ணீர் வழிந்த தடமாகவோ இருக்கும். அவர் வெட்கப்பட்டு நிற்பார், நீ அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பாய். அன்றைக்கு எனக்கு எழுது.

அம்மா